இணைய இதழியல் கற்பவர் முதலில் கற்க வேண்டியது எது?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2025 ஜூன் 14

நான் இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கைப்பேசித் திரையில் 600 சொல்லுக்கு மேல் எவரும் படிப்பதில்லை என்றும், காணொளியை வெட்டி ஒட்டவும் தேடுபொறிக்கு ஏற்ற தலைப்பு வைக்கவும் தெரிந்தால் போதும் என்றும் மூத்தவர்கள் சொல்கிறார்கள். களத்தில் அலைவதெல்லாம் பழைய காலத்து வேலையாம். இது சரியா? எந்தச் செயலிகளைக் கற்றுக்கொள்வது?

2025 ஜூன் 15

சரியில்லை. நான் சென்னையில் முதுகலை இதழியல் படிக்கிறேன். வடசென்னையில் ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிய இணையக் கட்டுரை ஒன்றை இறுதியாண்டுத் திட்டப்பணியாக எடுத்திருக்கிறேன். அந்த வேலையை முன்வைத்தே பதில் சொல்ல முடியும் என்பதால், வேலை நகர நகர இங்கே குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகிறேன்.

அச்சு இதழில் நிருபர் 'பார்த்தேன்' என்று எழுதினால் வாசகர் அதை நம்பித்தான் ஆக வேண்டும். இணையத்தில் பார்த்த பொருளையே வாசகர் முன் வைத்துவிடலாம்: பேசியவரின் குரல், அரசு ஆவணத்தின் பக்கம், செயற்கைக்கோள் படம், அந்தப் படம் எடுக்கப்பட்ட தேதி. இந்த ஊடகத்தின் முதன்மையான பலம் இதுதான் என்று நான் கருதுகிறேன். சான்று கையில் இல்லாதவருக்கு எந்தச் செயலியும் உதவாது. அந்தச் சான்றோ பெரும்பாலும் களத்தில்தான் கிடைக்கிறது.

2025 ஜூன் 16

600 சொல் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நீளமான கட்டுரையை நடுவில் மூடிவிட்டுப் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த பத்தியில் புதிதாக எதுவும் கிடைக்காது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவர்கள் போகிறார்கள் என்பது என் அனுபவம். நானும் அப்படித்தான் மூடுகிறேன்.

2025 ஜூன் 21

எங்கள் வகுப்பில் இணையக் கதைசொல்லலுக்கு முதல் எடுத்துக்காட்டாக நியூயார்க் டைம்ஸ் 2012 டிசம்பரில் வெளியிட்ட 'ஸ்னோ ஃபால்' கட்டுரையைத்தான் காட்டினார்கள். வாஷிங்டன் மாநிலத்து மலைச்சரிவான டனல் கிரீக்கில் 2012 பிப்ரவரியில் நேர்ந்த பனிச்சரிவையும், அதில் மூன்று பேர் இறந்ததையும் ஜான் பிராஞ்ச் எழுதியிருந்தார்; 2013ஆம் ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. திரையைக் கீழே தள்ளத் தள்ள மலையின் வடிவம் உயிர்பெறும், பனிச்சறுக்குக்குப் போனவர்கள் இறங்கிய பாதை விரியும். உலகம் முழுவதும் அதைப் பார்த்துப் பல செய்தி நிறுவனங்கள் அதே பாணியில் பக்கங்களை உருவாக்கின.

அவற்றுள் பலவற்றைப் படிக்கையில் எனக்கு ஒன்று உறுத்துகிறது. மலையின் சரிவு எப்படிப்பட்டது, பனி எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைச் சொற்களால் மட்டும் விளக்குவது மிகக் கடினம் என்பதால்தான் அந்த அசையும் வரைபடம் தேவைப்பட்டது. பின்வந்தவர்களில் பலர் தேவையை விட்டுவிட்டு அசைவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நகராட்சி வரி உயர்வைப் பற்றிய செய்தியில் பின்னணிப் படம் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் வாசகருக்கு என்ன கிடைக்கிறது? வரி எவ்வளவு உயர்ந்தது என்ற அட்டவணையைத்தானே அவர் தேடி வந்தார்.

2025 ஜூன் 29

சான்றைக் காட்டுவது என்றேனே, அதற்கு நான் மீண்டும் மீண்டும் பார்க்கும் பணி பிபிசியின் புலனாய்வுக் குழுவான 'ஆப்பிரிக்கா ஐ'யுடையது. 2018 ஜூலையில் சமூக ஊடகங்களில் ஒரு கொடூரமான காணொளி பரவியது. சீருடை அணிந்தவர்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துச் சென்று சுட்டுக் கொல்வது அதில் பதிவாகியிருந்தது. அது தங்கள் நாட்டில் நடந்ததே அல்ல, பொய்ச் செய்தி என்று கேமரூன் அரசு முதலில் மறுத்தது. காணொளியின் பின்புலத்தில் தெரிந்த மலைமுகட்டின் கோட்டை அந்தக் குழுவினர் கூகுள் எர்த்தின் நிலத்தோற்றத்தோடு பொருத்திப் பார்த்து, இடம் கேமரூனின் வடகோடியில் ஜெலெவெட் என்ற ஊருக்கு அருகே என்று கண்டுபிடித்தார்கள். ஒரு கட்டடம் எந்தச் செயற்கைக்கோள் படத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்பதைக் கொண்டு ஆண்டைச் சுருக்கினார்கள். நடந்து செல்பவர்களின் நிழல் விழும் கோணத்தைக் கொண்டு 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடைப்பட்ட நாள் என்ற முடிவுக்கு வந்தார்கள். இந்த ஒவ்வொரு படியையும், படத்தின் மேல் கோடு வரைந்து, வாசகரே சரிபார்க்கும்படி 2018 செப்டம்பரில் வெளியிட்டார்கள். 2020ஆம் ஆண்டு கேமரூனின் ராணுவ நீதிமன்றம் நான்கு சிப்பாய்களுக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

அந்தக் குழுவுக்குப் பயன்பட்ட கருவிகளில் பெரும்பாலானவை எந்த மாணவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடியவை. மலைமுகட்டைப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணைத்தான் பழக்கிக்கொள்ள வேண்டும்.

நம் ஊரிலும் இதற்கான தேவை கண்முன்னே இருக்கிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சொல்லித் தொடர்பில்லாத காணொளிகள் பரவின. காவல்துறை மறுப்பு வெளியிட்டது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவொன்று நேரில் வந்து விசாரித்தது. அதற்குள் அச்சத்தில் ஊருக்குக் கிளம்பியவர்களும் உண்டு. ஒரு காணொளியிலிருந்து சில சட்டகங்களைப் பிரித்தெடுத்துத் தலைகீழ்ப் படத்தேடலில் (ஒரு படம் இணையத்தில் முன்பு எங்கே வந்தது என்று தேடுவது) போடுவதற்குச் சில நிமிடங்களே ஆகும். அந்தப் பழக்கம் முதலாண்டிலேயே வந்துவிட வேண்டும்.

2025 ஜூலை 12

எண்ணூரில் கள வேலை தொடங்கிவிட்டது. கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கடலைச் சந்திக்கும் இந்த உப்பங்கழியில் இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கைகளும் சேற்றுக்குள் இருப்பதால் பனையோலைக் கூடையை வாயில் கவ்விக்கொள்கிறார்கள். பிடித்த இறாலைக் கை உயர்த்திக் கூடைக்குள் போட்டுவிட்டு மறுபடி குனிகிறார்கள். நான் கரையோரம் நின்று கேள்வி கேட்க, ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்தார், கையால் பொறு என்று காட்டினார், அவ்வளவுதான். கூடை பல்லிடுக்கில் இருக்கும்போது எப்படிப் பேசுவது? பிறகு கரையேறி, கூடையை இறக்கி வைத்து, தாடையை அழுத்தித் தேய்த்துக்கொண்டே, "இப்போ கேளும்மா, தண்ணிக்குள்ள இருக்கிறப்போ வாய் வேலைக்குப் போயிடுது" என்றார்.

தாடை வலி என்ற ஒன்று இந்தத் தொழிலில் இருக்கிறது என்பதை நான் படித்துவிட்டுப் போன எந்த அறிக்கையும் சொல்லவில்லை. வயதானவர்களிடம் தனியாகக் கேட்டேன். பல் ஆட்டம் கண்டு கூடையைக் கவ்வ முடியாமல் தொழிலை விட்டவர்கள் இருக்கிறார்கள். என் கட்டுரையின் முதல் பகுதி, பக்கத்து அனல் மின் நிலையத்திலிருந்து கழிமுகத்தில் வந்து படியும் சாம்பலில் தொடங்குவதாக இருந்தது. இப்போது அந்தப் பல்லில் தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். சாம்பல் படிந்த சேற்றில் இறால் குறைந்தால் அதே கூடை நிறைய இன்னும் அதிக நேரம் தண்ணீரில் நிற்க வேண்டும் என்பதால் இரண்டும் ஒரே கதைதான்.

களத்தில் அலைவது பழைய காலத்து வேலையா என்று கேட்டவருக்கு இதுவே என் பதில்.

2025 ஜூலை 13

ஒலிப்பதிவைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கழிமுகத்தில் காற்று ஓயாது. காலர் மைக்கைத் துப்பட்டாவின் உள்மடிப்பில் வைத்துப் பதிவுசெய்தால் இரைச்சல் பெருமளவு குறைகிறது. பேச்சைப் பதிவுசெய்த இடத்திலேயே யாரும் பேசாத ஒலியையும் ஒரு நிமிடம் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். தொகுக்கும்போது வெட்டிய இடங்களை ஒட்டவைக்க அதுதான் வேண்டும்.

2025 ஜூலை 27

செயற்கைக்கோள் படங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படங்கள் இலவசம். ஒரு படப்புள்ளி 10 மீட்டர் அகலம், இரண்டு செயற்கைக்கோள்களும் சேர்ந்து ஐந்து நாளுக்கொரு முறை ஒரே இடத்தைப் படமெடுக்கும். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, நடுவிலுள்ள கோட்டை விரலால் இழுத்தால் ஆறு சுருங்கியது தெரியும்படி செய்வதுதான் முதலில் போட்ட திட்டம். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் இரண்டு படங்களைப் பொருத்திப் பார்த்த உடனே ஒரு கேள்வி எழுந்தது. இந்தச் செயற்கைக்கோள் எப்போதும் ஏறத்தாழ காலை பத்தரை மணிக்கே கடக்கிறது. கடலின் ஏற்றமும் வற்றமும் அந்த நேரத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. நாளுக்கு நாள் நேரம் தள்ளிப்போகும். ஆகவே ஒரு நாள் பத்தரை மணிக்கு ஏற்றமாகவும் வேறொரு நாள் அதே நேரத்தில் வற்றமாகவும் இருக்கலாம். வற்றத்தில் எடுத்த படத்தில் சேற்றுத்திட்டு வெளியே தெரியும். அதைப் பக்கத்தில் வைத்தால் ஆறே காணாமல் போனது போலத் தோன்றும். முகத்துவாரத்தில் மணல் அடைத்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதும் நீர்மட்டத்தை மாற்றும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிடுவதும் அப்படியே.

எனவே ஒரே மாதத்தைச் சேர்ந்த, ஓத (ஏற்ற வற்ற) அட்டவணைப்படி ஏறத்தாழ ஒரே நிலையிலுள்ள படங்களை மட்டும் எடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். அப்படிச் செய்தால் மாற்றம் சிறிதாகத் தெரிகிறது. அதுவே உண்மைக்கு நெருக்கமானது. ஒவ்வொரு படத்தின் கீழும் தேதியும் ஓதத்தின் நிலையும் இருக்கும். எந்தக் கரையில் கட்டுமானம் வந்திருக்கிறது, எந்தச் சதுப்பு நிரப்பப்பட்டிருக்கிறது என்பவை ஓதத்தால் மாறாதவை. அவற்றைத்தான் வட்டமிட்டுக் காட்டப்போகிறேன்.

2025 ஜூலை 28

"இவ்வளவு நுணுக்கத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்?" என்று வகுப்புத் தோழி கேட்டாள். கழிமுகத்தை ஒட்டிய காட்டுக்குப்பத்து மீனவர்கள் கவனிப்பார்கள். படத்தைக் கைப்பேசியில் காட்டியதும் ஒரு பெரியவர் முதலில் சொன்னதே, "இது வத்தத்துல எடுத்தது" என்பதுதான்.

2025 ஆகஸ்ட் 10

ஆவணங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாள்களுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது. பருவத்தேர்வு நெருங்கும்போது விண்ணப்பித்தால் பதில் வருவதற்குள் பருவமே முடிந்துவிடும் என்பதால், திட்டப்பணியின் தலைப்பு உறுதியான வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள். ஆய்வறிக்கையின் நகல், குறிப்பிட்ட கோப்பின் பக்கங்கள், குறிப்பிட்ட ஆண்டுகளின் அளவீடுகள் என்று கையில் தரக்கூடிய பொருளைக் கேளுங்கள்.

பழைய நாளிதழ்களுக்கு இணையத்தை நம்பிப் பயனில்லை. ஒருங்குறி (யூனிகோட்) பரவலாவதற்கு முன் தமிழ் இதழ்கள் தத்தமக்கென்று எழுத்துருக் குறியாக்கங்களை வைத்திருந்தன. அக்காலத்து இணையப் பக்கங்களில் எஞ்சியவற்றையும் தேடுபொறியால் ஒழுங்காகப் படிக்க முடிவதில்லை. அதனால் எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினேன். வடசென்னை அனல் மின் நிலையம் 1994இல் உற்பத்தியைத் தொடங்கியது, எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது என்ற வரிகளை எந்தக் கலைக்களஞ்சியத்திலும் எடுத்துவிடலாம். அந்த நாள்களில் மீனவர்கள் எதைக் கேட்டார்கள், யார் என்ன உறுதி கொடுத்தார்கள் என்பது மாவட்டச் செய்திப் பக்கத்தின் மூலையில்தான் கிடக்கிறது.

2025 ஆகஸ்ட் 11

மேலே சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய பாதிப்பில்லை என்ற தொனியில்தான் முதல் அறிவிப்புகள் வந்தன. பின்னர் கரையெங்கும் எண்ணெய் ஒதுங்கி, ஆட்கள் வாளிகளால் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தபோதும் மீனவர்கள் எடுத்த கைப்பேசிப் படங்கள்தான் முதலில் பேசின. அந்தப் படங்களை எடுத்தவர்களிடமே மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப் வழியாகப் படமாக வந்தால் எடுத்த நேரமும் இடமும் அடங்கிய உள்தகவல் நீங்கிவிடும். கோப்பாக அனுப்பச் சொன்னால் தங்கும்.

2025 ஆகஸ்ட் 31

முகங்களைப் பற்றி நீண்ட நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். இணையத்தில் போட்ட முகம் எப்போதும் இருக்கும். எவர் வேண்டுமானாலும் வெட்டியெடுத்து வேறெங்கோ ஒட்டலாம். 'படம் எடுக்கலாமா?' என்று கேட்டுக் கிடைத்த சம்மதத்தை, 'உலகில் எவரும் எப்போதும் பார்க்கலாம்' என்பதற்கான சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே வெளியிடப்போகும் பக்கத்தையே கைப்பேசியில் திறந்து காட்டி மறுபடி கேட்கத் தொடங்கினேன். தண்ணீருக்குள் நனைந்த புடவையோடு நிற்கும் படம் வேண்டாம் என்று இரண்டு பெண்கள் சொன்னார்கள். கரையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் படத்துக்குச் சம்மதித்தார்கள். என்னிடமிருந்த படங்களிலேயே ஒளி மிக நன்றாக அமைந்தது அந்தத் தண்ணீர்ப் படம். அதை நீக்கிவிட்டேன். நீக்கியதில் எனக்கு வருத்தமில்லை.

குழந்தைகள் தொடர்பான குற்றங்களில் அடையாளம் வெளிவரக் கூடாது என்று, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பள்ளிப் பெயரும் தெருப் பெயரும்கூட அடையாளம்தான் என்பதை மாணவ நிருபர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சட்டம் தொடாத இடங்களில்தான் நம் பொறுப்பு கூடுகிறது.

2025 செப்டம்பர் 14

நேர்காணல்களை எழுத்தாக்க ஒரு தானியங்கிக் கருவியைப் பயன்படுத்திப் பார்த்தேன். செய்தி வாசிப்பவரின் தமிழை அது நன்றாகவே எழுதுகிறது. கழிமுகத்துப் பேச்சில் இறாலின் வகைப் பெயர்கள், வலையின் பெயர்கள், தண்ணீரின் நிலையைச் சொல்லும் சொற்கள் எல்லாம் வேறு சொற்களாகிவிடுகின்றன. எந்தச் சொல்லில் தகவல் இருக்கிறதோ அந்தச் சொல்லிலேயே அது தடுமாறுகிறது. காதில் கேட்டுக் கையால் எழுதினேன். நேரம் பிடித்தது. ஆனால் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான், அந்த அக்கா 'குறைஞ்சிடுச்சு' என்று சொல்வதற்கு முன் சற்றே நிறுத்துவது காதில் பட்டது. அந்தத் துண்டு எழுத்தாக வராது, ஒலியாகவே பக்கத்தில் இருக்கும்.

ஜூன் 21 குறிப்பில் கேட்ட கேள்விக்கு இதையும் பதிலாகச் சேர்த்துக்கொள்கிறேன். எது எழுத்தில் கெட்டுப்போகுமோ அதை ஒலியாக வைக்க வேண்டும், எது சொல்லில் விளங்காதோ அதை வரைபடமாக்க வேண்டும், மற்ற எல்லாவற்றுக்கும் நல்ல பத்திகள் போதும்.

2025 செப்டம்பர் 28

பக்கத்தின் எடை. தானாக ஓடும் காணொளியோடு அமைத்த முதல் வடிவத்தைக் காட்டுக்குப்பத்தில் ஒருவருடைய கைப்பேசியில் திறந்தபோது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவருடைய அன்றைய டேட்டாவில் பெரும்பகுதி அதிலேயே போயிருக்கும். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரால் திறக்க முடியாத பக்கத்தை அவரைப் பற்றிய கட்டுரை என்று எப்படிச் சொல்வது? தானியங்கிக் காணொளியை நீக்கினேன். படங்களின் அகலத்தைத் திரைக்கு ஏற்பக் குறைத்து வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்துக்கு மாற்றினேன். தட்டினால் மட்டும் ஒலி இறங்கும்படி வைத்தேன்.

யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களுக்கும் எட்டும்படி வெளியிடுவதில் இந்தியாவில் இரண்டு முயற்சிகளை ஊன்றிப் படிக்கலாம். இதழாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய பாரி (PARI) இணையதளம், கிராமப்புற வாழ்வைப் பதிவுசெய்து தமிழ் உள்படப் பல மொழிகளில் வெளியிடுகிறது. கட்டுரையில் வருபவர்களின் மொழியிலேயே அது படிக்கக் கிடைப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடத்தில் 2002இல் பெண்கள் தொடங்கிய கபர் லஹரியா, உள்ளூர்ப் பேச்சுமொழியில் அச்சிதழாக வந்து, பின்னர் கைப்பேசிக் காணொளிக்கு மாறியது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் அந்த இதழின் நிருபர்கள் குடிநீர்க் குழாயும் சாலையும் பற்றிக் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். அலங்காரம் எதுவுமில்லை, கேள்வி நேராகப் போய் நிற்கிறது.

2025 அக்டோபர் 5

தலைப்பைப் பற்றி முதல் நாளே கேட்கப்பட்டிருந்தது. தேடுபொறிக்கு ஏற்ற தலைப்பை நான் வெறுக்கவில்லை. 'எண்ணூர்', 'இறால்', 'சாம்பல்' ஆகிய மூன்றும் தலைப்பில் இருந்தால் தேடுபவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது. 'இதைப் பார்த்தால் அதிர்ச்சியடைவீர்கள்' என்ற வகைதான் வேண்டாம் என்கிறேன், ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது வேண்டுமென்றே மறைக்கிறது.

2025 அக்டோபர் 19

கட்டுரை பல்லில் தொடங்கிச் சாம்பலுக்குப் போகிறது. 600 சொல்லில் அடங்கவில்லை, அடக்கவும் முயலவில்லை.

எந்தச் செயலிகள் என்று கேள்வி கேட்டவர் மறுபடியும் நினைவூட்டியிருக்கிறார். ஒலிக்கு ஆடாசிட்டி, அட்டவணைக்கும் விளக்கப்படத்துக்கும் டேட்டாராப்பர், இடம் சார்ந்த கதைக்கும் காலவரிசைக்கும் நைட் லேப் தரும் இலவசக் கருவிகள், செயற்கைக்கோள் படங்களுக்குக் கூகுள் எர்த்தும், சென்டினல் படங்கள் கிடைக்கும் கோப்பர்னிகஸ் தளமும். தமிழ்99 விசைப்பலகையில் பார்க்காமல் தட்டப் பழகுங்கள், களத்திலிருந்து திரும்பும் பேருந்திலேயே குறிப்புகளை முடித்துவிடலாம். இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு விடுமுறை போதும்.

நான் அனுப்பியிருந்த தகவல் உரிமை விண்ணப்பத்துக்குப் பாதிப் பதில்தான் வந்திருக்கிறது: மின் நிலையச் சாம்பலைக் கொண்டுசெல்லும் குழாய்களின் கசிவு பற்றிய ஆய்வறிக்கைகளில் சில ஆண்டுகள் விடுபட்டிருக்கின்றன. பதில் கிடைத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பதால் அதை இன்று எழுதுகிறேன். விடுபட்ட ஆண்டுகள் எவை என்பதையும், கேட்டிருப்பதையும், இன்னும் வரவில்லை என்பதையும் கட்டுரையில் அந்த இடத்திலேயே தேதியோடு குறித்திருக்கிறேன். அறிக்கை வந்ததும் அந்த வரி மாறும்.